பாவு நீலம், ஊடை பச்சை

பட்டுச் சேலை எடுக்கப் போகிற எந்தக் குடும்பத்திலும் யாராவது ஒருவர் சேலையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிடுவார். எங்கள் வீட்டில் அது பெரியம்மா. சேலம் அம்மாபேட்டையில் ஒரு சின்னக் கடை. உள்ளே டியூப்லைட் வெளிச்சத்தில் நீலமாகக் கிடந்த சேலையை வாசல் வெயிலில் விரித்துப் பிடித்தார். பச்சை எழுந்து வந்தது. கையைச் சற்றுச் சாய்த்தார், நீலம் திரும்பியது. கொசுவம் மாதிரி நாலு மடிப்பு மடித்தார். மடிப்பின் மேட்டில் ஒரு நிறம், சரிவில் இன்னொன்று. இரண்டும் சந்திக்கிற இடத்தில் பெயர் சொல்ல வராத ஏதோ ஒன்று.

"ஏங்க, இது நீலமா, பச்சையா?"

"மயில்கழுத்துங்கம்மா. பாவு நீலம், ஊடை பச்சை."

கடைக்காரர் அதோடு அடுத்த சேலையைப் பிரிக்கப் போய்விட்டார். அந்த நாலு சொல்லை முழுதாக விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. நூலைச் சுமந்து ஓடும் நாடாவோடு குறுக்கே ஓடி ஓடி வருவது ஊடை. இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்து நெய்தால் துணி முழுக்க நீலப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் மாறி மாறி நிற்கும். சேலையின் ஓரத்தில் பிசிறு விட்ட இடத்தில் இரண்டு இழையை உருவிப் பாருங்கள். ஒன்று சுத்த நீலம், மற்றது சுத்தப் பச்சை. மயில்கழுத்து நிறத்தில் ஒரு இழைகூடக் கிடைக்காது. சாயப்பட்டறையில் யாரும் அந்த நிறத்தைக் காய்ச்சவே இல்லை.

பிறகு அது எங்கிருந்து வந்தது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பார்வை நன்றாக உள்ள கண், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு வரைதான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். ஒரு மீட்டர் தூரத்தில் அது சுமார் 0.3 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு நூறு இழை ஓடும் துணி என்று வைத்துக்கொண்டால் இழைக்கு இழை இடைவெளி 0.25 மில்லிமீட்டர். ஆக, மடியில் வைத்துக் குனிந்து பார்க்கிறபோது இழைகள் தெரியும். எதிரில் நிற்கிறவருக்குத் தெரியாது. அவர் கண் பிரிக்க முடியாததைச் சேர்த்துவிடுகிறது. நீலத்தின் ஒளியும் பச்சையின் ஒளியும் விழித்திரையில் ஒரே இடத்தில் விழுந்து ஒரே நிறமாகின்றன. நெசவின் கடைசி இழை பார்க்கிறவர் கண்ணுக்குள் ஓடுகிறது என்றே நான் எண்ணிக்கொள்கிறேன்.

இதில் நெசவாளிக்கு ஒரு சிக்கனமும் இருக்கிறது. பாவு ஓட்டுவது, பிணைப்பது, தறியில் ஏற்றுவது எல்லாம் நாள் கணக்கில் வேலை வாங்கும். ஒரு பாவு ஏறிவிட்டால் அதில் பல சேலை இறங்கும். ஊடையை மாற்றுவதோ நாடாவில் வேறு நிற நூல் சுற்றிய தாரைப் போடுகிற வேலைதான். அதே நீலப் பாவில் பச்சை ஊடை போட்டால் மயில்கழுத்து; சிவப்பு போட்டால் கத்தரிப்பூவின் சாயல். பத்து நிறத்தில் நூல் வைத்திருப்பவர் பாவுக்குப் பத்து, ஊடைக்குப் பத்து என்று நூறு சேர்க்கை காணலாம். அதில் பத்து ஒற்றை நிறம் போக, மீதி 90 இரட்டை நிறம். நீலப் பாவில் பச்சை ஊடையும் பச்சைப் பாவில் நீல ஊடையும் ஒன்றல்ல என்பது உடுத்திப் பார்த்தால் தெரியும். உடம்பில் பாவு கிடக்கிற திசையும் ஊடை கிடக்கிற திசையும் வேறல்லவா.

இனி எனக்கு மிகவும் பிடித்த கேள்விக்கு வருகிறேன். நீலப் பாவில் மஞ்சள் ஊடை போட்டால் என்ன நிறம் வரும்?

வண்ணப்பெட்டி வைத்திருந்த எந்தப் பிள்ளையும் யோசிக்காமல் பச்சை என்று சொல்லும். தறியில் வராது. சாம்பல் படிந்த ஒரு மங்கலான நிறம்தான் வரும். சாயத்தொட்டியில் நடப்பது ஒன்று, தறியில் நடப்பது வேறு. தொட்டியில் ஒவ்வொரு சாயமும் ஒளியில் தன் பங்கைத் தின்றுவிடுகிறது. மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கும், நீலச் சாயம் சிவப்பை விழுங்கும். இரண்டுக்கும் தப்பிப் பிழைப்பது பச்சை மட்டும். அது கழித்தல் கணக்கு. தறியில் சாயங்கள் தொட்டுக்கொள்வதே இல்லை. ஒவ்வொரு இழையும் தன் ஒளியை அனுப்புகிறது, கண் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குகிறது. அது சராசரிக் கணக்கு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரிக்கரையில் சாயக்கழிவு ஆற்றில் இறங்கும் இடங்களைப் பார்த்தவர்களுக்குக் கழித்தல் கணக்கு நன்றாகத் தெரியும். எத்தனை நிறம் கலந்தாலும் ஆறு கறுப்பைத் தவிர வேறு திசையில் போனதில்லை. அந்தக் கரையில் நின்றபோதெல்லாம் நெஞ்சு கனத்திருக்கிறது.

இந்த இரண்டு கணக்கும் வேறு என்று உலகம் தெளிவாகப் புரிந்துகொண்டது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அதற்கு உதவியது ஒரு பம்பரம். எடின்பரோவில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1849இல் வட்டத் தகட்டில் நீலத்தையும் மஞ்சளையும் பங்கு பிரித்து ஒட்டிச் சுழற்றினார். பச்சை வரவில்லை, சாம்பல் வந்தது. பக்கத்தில் இருந்து பார்த்த மாணவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், 1855இல் தானே ஒரு வண்ணப் பம்பரம் செய்தார். வண்ணக் காகித வட்டங்களில் ஆரத்தின் வழியே ஒரு வெட்டு வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகினால், எந்த நிறம் எத்தனை பங்கு என்று விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றைச் சரியான பங்கில் வைத்துச் சுழற்றி, நடுநிலைச் சாம்பலை அவர் எண்ணளவில் பிடித்துக் காட்டினார். இன்று நம் கைபேசித் திரையில் இருக்கிற சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளின் கணக்கு அந்தப் பம்பரத்திலிருந்து வந்தது. 1861இல் அவர் லண்டனில் காட்டிய வண்ணப் படம் எதைப் பிடித்தது தெரியுமா? கட்டம் போட்ட ஒரு ரிப்பன். உலகின் முதல் வண்ணப் புகைப்படமாகச் சொல்லப்படுகிற அதில் இருப்பது பாவும் ஊடையும் சேர்ந்த ஒரு துணி என்பதை நினைத்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

நம் தெருப் பம்பரத்திலும் இதைப் பார்க்கலாம், ஒரு சின்னத் திருத்தத்தோடு. கடையில் வாங்கும் கடைசல் பம்பரத்தில் நிறம் வளையம் வளையமாக இருக்கும். சாட்டையைச் சுற்றி விட்டாலும் வளையம் வளையமாகவே நிற்கும். சுழற்சி அதை எதனோடும் கலக்காது. தலையிலிருந்து ஆணி வரை மேலிருந்து கீழாகக் கோடு இழுத்து, ஒன்று விட்டு ஒன்று நிறம் பூசுங்கள். இப்போது கண்ணில் ஒரே இடத்தில் இரண்டு நிறமும் மாறி மாறி விழும். நல்ல வெளிச்சத்தில் நொடிக்கு ஐம்பது, அறுபது தடவைக்கு மேல் மாறினால் கண் கைவிட்டுவிடும். மங்கலில் இருபதே போதும். பம்பரம் ஓய்ந்து தள்ளாடத் தொடங்கும்போது அந்த மூன்றாம் நிறம் நடுங்கி, உடைந்து, பழைய இரண்டாகப் பிரிவதைப் பார்க்க வேண்டும். சேலையில் இடத்தால் நடந்த கலப்பு பம்பரத்தில் நேரத்தால் நடக்கிறது.

விரைந்து மாறும் ஒளியைக் கண் அதன் சராசரியாகவே உணரும் என்ற விதிக்கு டால்பட், பிளாட்டோ என்ற இருவரின் பெயர். பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ 1829இல் இதைத் தன் முனைவர் ஆய்வாக எழுதியவர். 1843 வாக்கில் அவருக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. அதன்பின் 40 ஆண்டு, வீட்டாரின் கண்களையும் உதவியாளர்களின் கண்களையும் கடன் வாங்கி ஆராய்ச்சி செய்தார்.

பள்ளிபாளையம் வழியே பேருந்தில் போகிறவர்களுக்குப் பம்பரமே வேண்டாம். சாயம் ஏற்றிய நூல் சிட்டங்களை மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டுக் காயவைத்திருப்பார்கள். ஜன்னலுக்கு நெருக்கமாக இருக்கிற வரிசை வண்டி ஓட்டத்தில் ஒரே பட்டையாக உருகி ஓடும். தூரத்து வரிசை சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று தனித்தனியாக நிற்கும். பேருந்து நின்றதும் கிட்டத்து வரிசையும் பிரிந்து கொள்ளும்.

இழை மெலிதாக இருந்தால் கலக்கும், சரி. தடிமனாக இருந்தால்? அதற்குப் பாரிஸ் கொபெலின் திரைச்சீலைத் தறிக்கூடத்தில் பதில் கிடைத்தது. 1824இல் அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தார் மிஷேல் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்று புகார். சாயத்தைச் சோதித்தார்; குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பின் பலத்தைக் குறைத்துக் காட்டின. பட்டையாக நிற்கும் இரு நிறங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். இழையாக நிற்கும் இரு நிறங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். இதை 1839இல் ஒரு பெரிய நூலாக்கினார். நம் பட்டுச் சேலையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. சேலையின் உடல் பகுதியில் பாவும் ஊடையும் கலக்கின்றன. கரையின் அரக்குச் சிவப்போ அந்த உடலின் பச்சையை இன்னும் பச்சையாக்கித் தள்ளுகிறது. கரைக்கு என்ன நிறம் வைப்பது என்று நெசவாளர் வீட்டில் நடக்கும் விவாதத்தை நான் இப்போது வேறு காதோடு கேட்கிறேன்.

பெரியம்மா கையைச் சாய்த்ததும் நீலம் வந்ததே, அது ஏன்? இதற்கு நாமக்கல் பக்கத்து மஞ்சள் காட்டுக்குப் போக வேண்டும். பார் பிடித்து நட்ட காட்டில் பாருக்குக் குறுக்கே நின்று தாழ்வாகப் பார்த்தால் இலை மேல் இலையாக எல்லாம் பச்சை. சாலுக்கு நேராக வந்து நின்றால் செம்மண் கோடு கோடாகத் தெரியும். காடு ஒன்றுதான், நின்ற இடம் மாறியது. துணியும் அப்படித்தான். ஒவ்வொரு இழையும் மற்றதன் மேல் ஏறி இறங்கி ஒரு சின்னப் பாராக நிற்கிறது. துணியை ஒரு திசையில் சாய்த்தால் குறுக்கே கிடக்கிற இழைகள் எழும்பி மற்றவற்றை மறைத்துக்கொள்ளும்.

இதோடு பட்டின் பளபளப்பு சேர்கிறது. எண்ணெய் தடவி வாரிய கூந்தலில் ஒரு ஒளிப்பட்டை முடிக்குக் குறுக்கே வளைந்து கிடக்கும், பார்த்திருப்பீர்கள். நீண்டு மெலிந்த எதுவும் ஒளியை அப்படித்தான் திருப்பும்: தன் நீளத்துக்குக் குறுக்கே வருகிற ஒளியை நம் பக்கம் வீசும். பாவும் ஊடையும் செங்குத்தாகக் கிடப்பதால் ஒரு சாய்வில் பாவு பளிச்சிடும், மறு சாய்வில் ஊடை. பருத்தியிலும் இரட்டை நிறம் நெய்யலாம், ஆனால் இந்த ஆட்டம் இவ்வளவு இருக்காது. பட்டு இழையின் குறுக்குவெட்டு முனை மழுங்கிய முக்கோணம், வழவழப்பான முகங்கள். நூலைச் சோப்பு நீரில் வேகவைத்து, அதன்மேல் இருக்கிற பசையை நீக்குவார்கள். எடையில் நாலில், ஐந்தில் ஒரு பங்கு அப்படியே கரைந்து போகும். போன பிறகுதான் அந்த முகங்கள் வெளிச்சத்தைக் காண்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு வேட்டி நிறமே இல்லாமல் மின்னுவது இதனால்தான். டியூப்லைட் நாலாபக்கமும் வெளிச்சத்தைப் பரப்பிவிடும், வெயில் ஒரே திசையிலிருந்து வரும். வாசலுக்கு வந்த பெரியம்மாவின் கணக்கு அதுதான்.

மயில்கழுத்து என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நிஜ மயிலிடம் நீலச் சாயமும் இல்லை, பச்சைச் சாயமும் இல்லை. இறகின் நுண்கிளைகளில் கருமை நிறமிக் குச்சிகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கின் இடைவெளிதான் எந்த நிறம் திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கிறது. தோகை இறகில் நீலத்துக்கு 140 நானோமீட்டர், பச்சைக்கு 150 என்று 2003இல் சீன ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். பத்து நானோமீட்டர் வித்தியாசத்தில் நீலம் பச்சையாகிறது! மின்கம்பியில் அழுக்குப் பழுப்பாக உட்கார்ந்திருந்து, பறக்கும்போது நீலத்தை வாரி இறைக்கிற பனங்காடையின் இறகை எடுத்துக்கொண்டு, சர் சி.வி. ராமன் 1934இல் இப்படிச் சாயமில்லாமல் வரும் பறவை நிறங்களைப் பற்றி எழுதினார். மயிலின் வழி வேறு, நெசவாளியின் வழி வேறு. தன்னிடம் இருந்த இரண்டு நூலை வைத்துக்கொண்டு, அசைந்தால் மாறுகிற அந்தக் குணத்தை நெசவாளி எட்டிப்பிடித்ததுதான் எனக்கு அதிசயம்.

அசைவும் நிறமும் கூட்டமும் ஒன்றாகத் தெருவில் இறங்குவதைக் காண சேலத்தில் குகை என்ற பகுதிக்கு ஆடி மாதம் வர வேண்டும். குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் திருவிழாவில் வண்டி வேடிக்கை நடக்கும். தறிச்சத்தம் கேட்கும் தெருக்களைச் சேர்ந்தவர்கள் வண்டிகளை அலங்கரித்து, சாமி வேடம் கட்டிப் புராணக் காட்சிகளாக நின்று வருவார்கள். நூறாண்டு தாண்டிய வழக்கம் என்று ஊரில் சொல்வார்கள். மொட்டை மாடி, திண்ணை, கடைப் பலகை எங்கும் தலைகள்.

வண்டிகளிலும் வழியிலும் சீரியல் விளக்கு. ஒரு விளக்கு மயில் தோகை விரிக்கிறது, விளக்கு நீரூற்று பொங்குகிறது. எந்த பல்பும் இடம்விட்டு நகரவில்லை. ஒன்று அணைய அடுத்தது எரிய, நடுவில் இல்லாத ஓட்டத்தைக் கண் தானே போட்டுக்கொள்கிறது. ஃபிராங்ஃபர்ட்டில் மேக்ஸ் வெர்த்தைமர் ஆராய்ந்து 1912இல் வெளியிட்டது இதைத்தான். முன்பெல்லாம் மோட்டாரில் சுழலும் ஒரு உருளை, அதன்மேல் உலோகத் தகடுகள், அவற்றை உரசிக்கொண்டிருக்கும் கம்பிகள் இதைச் செய்தன, இன்று எல்.இ.டி.க்குள்ளேயே சின்னச் சில்லு. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் கண்ணுக்கு மஞ்சள். இதே சிவப்பையும் பச்சையையும் பாவாகவும் ஊடையாகவும் வைத்தால் மாந்துளிர் போன்ற ஒரு செம்புப் பழுப்பு. இரண்டும் உறவுதான்: வெளிச்சம் குறைந்த மஞ்சளைத்தான் நாம் பழுப்பு என்கிறோம்.

அந்த விளக்குகளின் முன்னால் நின்று பார்வையைச் சட்டென இடமிருந்து வலமாக வீசிப் பாருங்கள். ஒளிக்கோடு முத்து முத்தாகச் சிதறும். பல எல்.இ.டி.க்களில் மங்கல் என்பது மங்கலே அல்ல. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து எரிவது. கண்ணை ஓட்டியவுடன் நேரம் இடமாக விரிந்துவிடுகிறது. பம்பரத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி. இங்கே விளக்கு நிற்கிறது, சுழல்வது நாம்.

பார்க்கிறவர் நகர்ந்தால்தான் நிறைவடையும் கலையை வாழ்க்கை முழுதும் செய்தவர் வெனிசுவேலாவின் கார்லோஸ் குரூஸ் டியெஸ். 1923இல் பிறந்து 2019இல் மறைந்தார். மெல்லிய பட்டைகளைப் பலகைக்குச் செங்குத்தாக நிறுத்தி, பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாற்றி, 1959 முதல் அவர் செய்த படைப்புகளின் முன்னால் நடந்தால் எங்கும் பூசப்படாத நிறம் எழும், மறையும். நம் திருவிழாக் கடையில், ஒரு பக்கம் நின்றால் முருகனும் நகர்ந்தால் பிள்ளையாரும் தெரிகிற மடிப்புப் படத்தின் அதே அமைப்பு. காராகஸ் அருகே மைக்கெத்தியா விமான நிலையத்தின் தரையில் 1970களில் அவர் பதித்த கோடுகள் 2,600 சதுர மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கின்றன. நாட்டைவிட்டுப் போகிறவர்கள் அந்தத் தரையில் தங்கள் கால்களைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்துப் போவதும் உண்டு. ஒரு நிறக்கோட்டின் மேல் நடந்தவர்களுக்கு அது ஊராகிவிட்டது.

குகைத் திருவிழாவுக்கு நான் போயிருந்த இரவில் கடைசியாக வந்த வண்டியில் ஒருவர் அம்மன் வேடத்தில் நின்றார். கையில் சூலம், அசைவில்லாத முகம். உடுத்தியிருந்தது மயில்கழுத்துப் பட்டு. ஒரு பக்கம் விளக்கு, மறு பக்கம் இருட்டு. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது அம்மன் அசையவில்லை. தோளிலிருந்து கொசுவம் வரை பச்சை ஒரு அலையாக இறங்கி ஓடியது.

எனக்கு முன்னால் அப்பாவின் தோளில் ஒரு பெண் குழந்தை. இடது கண்ணை மூடினாள், திறந்தாள், வலது கண்ணை மூடினாள். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஐந்தாறு சென்டிமீட்டர் இருக்கிறது. அவ்வளவு விலகலில்கூடச் சேலையின் ஒரே இடம் ஒரு கண்ணுக்கு நீலமும் மறு கண்ணுக்குப் பச்சை கலந்ததுமாகத் தெரியலாம். மூளை எதையும் விட்டுக்கொடுக்க முடியாமல் இரண்டையும் சேர்த்து மினுமினுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. பட்டின் மினுக்கு படத்தில் விழாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்; கேமராவுக்கு ஒற்றைக் கண்.

"அப்பா, இந்தக் கண்ணுல வேற சேலை," என்றாள் அவள். வண்டி திரும்பும்வரை மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டே இருந்தாள்.